பவுலின் ஸ்கேன் சீடி

பலாங்கொடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் போட்டோ கொப்பி கடை வைத்திருக்கும் பஸீஹாவுக்கு நாற்பத்தாறு வயது. கணவர் கட்டாருக்குப் போனபோது கடையைத் தற்காலிகமாக ஏற்றவள். பன்னிரண்டு வருடமாகியும் அந்தத் தற்காலிகம் முடியவில்லை. அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகருக்கான படிவம், மரண அறிவித்தல் என்று காலையிலிருந்து நின்றபடிதான் வேலை. பின்னேரமானதும் கால் வீங்கிவிடும்.

அன்று மூன்றரை மணிக்கு மழையோடு வந்தாள் தெரேசம்மா, மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். பொலித்தீன் பைக்குள் ஒரு சீடி. அவள் கணவன் பவுலின் வயிற்றை இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தது.

"இத போனுக்கு அனுப்பச் சொன்னாரு டொக்டரோட கிளார்க்கு. டொக்டர் பாத்துட்டுத்தான் அவர கூட்டிட்டு வரணுமான்னு சொல்வாராம். அவரால பஸ்ல உக்கார முடியாதுங்க தங்கச்சி. ரெண்டு கடையில சீடி பழுதுன்னுட்டாங்க."

பஸீஹா சீடியைப் போட்டுப் பார்த்தாள். வெறும் எண்களாக இருநூற்றுச் சொச்சம் கோப்புகள். என்ன வகையென்று சொல்லும் எழுத்து எதன் பின்னாலும் இல்லை. ஒன்றை அழுத்தினால், எதில் திறப்பது என்று கொம்பியூட்டர் அவளையே கேட்டது.

போன வருடம் இப்படி ஒரு கோப்புக்காக, எதையும் திறக்கும் என்று இணையத்தில் முதலில் வந்த மென்பொருளை அவள் இறக்கிப் போட்டாள். அது வைரஸ்; அரை மணித்தியாலத்தில் கொம்பியூட்டரில் இருந்ததெல்லாம் பூட்டிக்கொண்டது. நாற்பது பிள்ளைகளின் பரீட்சை விண்ணப்பங்கள் போயின. வீடு வீடாகப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டாள். அந்தக் களைப்பு இன்னும் உடம்பில் இருந்தது.

"இரிங்கக்கா, கொஞ்சம் சுணங்கும்."

யாருடைய வேலையும் இல்லாத பழைய கொம்பியூட்டரில் கோப்புகளைப் பிரதி எடுத்தாள். வைரஸ் சோதனை முடியும்வரை காத்திருந்தாள். பிறகு ஒன்றைச் சாதாரண எழுத்துகளை மட்டும் காட்டும் நோட்பேடில் திறந்தாள். திரை முழுக்கக் கிறுக்கல். ஆனால் தொடக்கத்தில் டி, ஐ, சி, எம் என்று நாலு எழுத்து தெளிவாக நின்றது. அதைத் தேடியபோதுதான் புரிந்தது: ஆஸ்பத்திரி ஸ்கேன் படங்களுக்கு இருக்கும் அடையாளம் அது, பார்க்கத் தனி மென்பொருள் வேண்டும். மேலே மின்னிய விளம்பரங்களை விட்டுவிட்டு, அந்த மென்பொருளைச் செய்தவர்களின் சொந்தப் பக்கத்துக்கே போய் இறக்கினாள். மழைக்கு இணையம் இழுபட்டது. தெரேசம்மா பஸ்ஸையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஒருவழியாகச் சாம்பல் நிறத்தில் படம் விரிந்தது. மூலையில் பவுலின் பெயர்.

"இதுவா அவரு?" தெரேசம்மா திரையருகே குனிந்தாள். "கெட்டது எதுங்க?"

"அது எனக்குத் தெரியாதுக்கா. டொக்டர்தான் சொல்லணும்."

எந்த மென்பொருளில் திறக்கவேண்டும் என்று ஒரு வரி எழுதி, கோப்புகளை ஒரே கட்டாக்கி கிளார்க்குக்கு அனுப்பினாள். ஐந்து மணிக்குப் பிறகு கிளார்க்கிடமிருந்து போன் வந்தது; டொக்டர் பார்த்துவிட்டாராம். வியாழக்கிழமை பவுலைக் கட்டாயம் கூட்டி வரவேண்டும், வார்டில் நிறுத்தவேண்டியிருக்கும், பஸ் வேண்டாம்.

தெரேசம்மா அழவில்லை. "அப்ப வேனுக்குச் சொல்லணும்," என்றாள். சீடியைப் பைக்குள் சுற்றினாள். "படம் தெரிஞ்சுச்சே, அது போதும் தங்கச்சி."

அவள் பஸ் ஏறிய பிறகு பஸீஹா பவுலின் படங்களைத் தன் கொம்பியூட்டரிலிருந்து ஒன்றுவிடாமல் அழித்தாள். வாசலில் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு நிமிஷம் இரிங்க," என்றாள் அவர்களிடம்.