வாளையார் தாண்டி ஒரு கையெழுத்தைத் தேடி

ஒரே ஒரு போன் செய்து கேட்டிருந்தால் போதும். ஏன் கேட்கவில்லை? இரண்டு மாதமாக இதை என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. எங்கள் கம்பெனிக்குக் கேரளத்தில், வாளையார் தாண்டிக் கஞ்சிக்கோட்டில், சின்னதாக ஒரு கிளை உண்டு. அங்கே புதிதாகத் தொடங்கிய தையல் வரிசைக்கு, எங்கள் பேச்சில் லைனுக்கு, வேலை பழக்கிக் கொடுக்க, இங்கிருந்து ஏழு டெய்லர்களை ஒரு மாதத்துக்கு அனுப்பினார்கள். மாதம் முடிந்து நான் தொழிலாளர் காப்பீட்டுக்கான இ.எஸ்.ஐ. கணக்கை ஏற்றும்போது, அந்த ஏழு பேருக்கும் எங்கள் வருகைப் பதிவில் ஒரு நாள்கூட இல்லை. கஞ்சிக்கோட்டில் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பூஜ்யம் நாள் என்று அடித்தால் கம்ப்யூட்டர் காரணம் கேட்கும். அது காட்டிய காரணங்களில் 'வேறு மாநிலத்தில் வேலை செய்கிறார்' என்று எதுவும் கண்ணில் படவில்லை. 'விடுப்பு' இருந்தது. ஏழு பேருக்கும் அதையே தட்டிவிட்டு, பாப்பாவைக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து கூட்டிவர ஓடினேன்.

கஞ்சிக்கோட்டிலோ, திருப்பூர்க்காரர்கள் போடுவார்கள் என்று நினைத்து அவர்களும் போடவில்லை. அந்த மாதத்தின் நான்காவது வாரம், ஒரு வியாழக்கிழமை, ஏழு பேரில் ஒருத்தியான சுசாந்தியின் வலது ஆள்காட்டி விரல் பட்டன் அடிக்கும் மெஷினில் மாட்டிக்கொண்டது. நுனி போய்விட்டது. அங்கேயே ஒரு தனியார் மருத்துவமனையில் கட்டுப் போட்டு, மாதக் கடைசியில் மற்றவர்களோடு அனுப்பி வைத்தார்கள். எங்கள் அலுவலகத்துக்கு வந்த செய்தி 'சின்னக் காயம்' என்பதுதான். காயம் ஆறாமல் அவள் இங்கே இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கணக்குப்படி அவள் அன்று விடுப்பில் இருக்கிறாள். விடுப்பில் இருந்தவளுக்கு வேலையில் எப்படி அடிபடும்?

வேலையில் பட்ட காயம் என்று ஏற்றுக்கொண்டால், வேலைக்கு வர முடியாத நாட்களுக்கு உதவித்தொகை உண்டு. போன விரலுக்கு மருத்துவக் குழு மதிப்புப் போட்டு, ஆயுள் முழுக்க மாதாமாதம் ஒரு தொகையும் கிடைக்கலாம். ஏற்காவிட்டால் ஒன்றும் இல்லை. அவள் அன்று அங்கே வேலையில்தான் இருந்தாள் என்று காட்ட எழுத்தில் ஏதாவது வேண்டும். அதைத் தேடித்தான் இந்தப் பயணம்.

புதன்கிழமை, காலை 5.50. மண்ணரையில் எங்கள் கம்பெனி வாசலில் கஞ்சிக்கோடு போகும் வேன் நின்றது. வெட்டிய துணிக் கட்டுகளை வாரம் இரண்டு முறை கொண்டுபோகும் வேன் அது. ஓட்டுநர் குமரேசன் அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். விடுதியிலிருந்து சுசாந்தி வந்தாள். முப்பத்தொரு வயது, ஒடிசாவிலிருந்து வந்து ஐந்து வருடம். கட்டுப் போட்ட விரலை மேலே தூக்கிப் பிடித்தபடியே வந்தாள்.

"கண்ணு, நீ ஜன்னலோரம் உக்காந்துக்கோ, கை இடிபடாம இருக்கும். அம்மணி, நீங்க நடுவுல உக்காருங்க" என்றார் அண்ணன்.

பாப்பாவுக்கு முந்தின நாளிலிருந்து சளி. தூங்கும்போதே விட்டுவிட்டு வந்தேன். மங்கலம் வருவதற்குள் இரண்டு தடவை வீட்டுக்குப் போன் போட்டுவிட்டேன். "அவ இன்னும் எந்திரிக்கவே இல்ல. நீ போட்டுப் போட்டு எழுப்பி விட்டுராத" என்றார் என் வீட்டுக்காரர்.

காலை 6.25. சாமளாபுரம். கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் தறிச்சத்தம் உள்ளே வந்தது. அந்தச் சத்தத்தில் பேச முடியாது. பேசாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததே என்று எனக்கு நிம்மதி. நான் தட்டிய அந்த ஒரு சொல்லைப் பற்றி சுசாந்தியிடம் இன்னும் நேராகச் சொல்லியிருக்கவில்லை.

6.45-க்குச் சோமனூரில் டீ. ஒரு டீ பன்னிரண்டு ரூபாய். கிளாஸை இடது கையில் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்த சுசாந்தியிடம் அங்கேதான் சொன்னேன். "லீவுன்னு போட்டது நான்தான் சுசாந்தி. கேக்காமப் போட்டுட்டேன்."

அவள் கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள். பிறகு, "தெரியுங்க மேடம். மருந்தகத்துல அந்தம்மா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுனாங்க" என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுங்களா? அந்த லீவுல என்னை எங்க அனுப்புனீங்க? ஊட்டிக்குங்களா?"

குமரேசன் அண்ணனுக்கு டீ புரையேறிவிட்டது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

கருமத்தம்பட்டி, நீலாம்பூர், அங்கிருந்து புறவழிச்சாலையில் மதுக்கரை. மலை அருகே வந்து கூடவே ஓடிவருவது போல இருந்தது. 8.20-க்கு வாளையார். மாநில எல்லை என்றால் பெரிதாக ஏதோ இருக்கும் என்று எதிர்பார்த்தேன். வரிசையாக லாரிகள், பெயர்ப் பலகைகளில் எழுத்து மாறுகிறது, அவ்வளவுதான். வெட்டிய துணிக்கு ரசீது, வண்டி எண், எங்கிருந்து எங்கே என்று எல்லாமே அண்ணனின் கோப்பில் இருந்தன.

"ஏனுங்கண்ணா, அன்னைக்கு இந்த ஏழு பேரையும் நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க? அவங்களுக்கு ஏதாச்சும் பேப்பர் இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க அம்மணி. துணிக்கு இருந்துச்சு. துணிக்கு இல்லீனா வண்டிய நிறுத்திப் போடுவாங்கொ. ஆளுக்கு யாருங்க கேக்கறாங்கொ?"

சோதனைக்காக அவர் எப்போதும் வைத்திருக்கும் அந்தக் கோப்பைக் கஞ்சிக்கோடு வரை மடியில் வைத்திருந்தேன்.

காலை 8.50. கஞ்சிக்கோடு. வேன் காட்டிய தூரம் 96 கிலோமீட்டர். தென்னைகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட கட்டடம். கிளையைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் சிவசாமி, பல்லடம் பக்கத்துக்காரர். மரியாதையாக உட்கார வைத்தார். வந்த விஷயத்தைச் சொன்னதும் மின்விசிறியைக் கூட்டினார்.

"எங்க வருகை மஸ்டர்ல அவங்க பேர் இல்லீங்களே. நம்ம ரோல்ல இல்லாத ஆளுங்க."

"சம்பளம் இங்கதானே குடுத்தீங்க? அதுக்கு வவுச்சர்?"

வவுச்சரை எடுத்துக் காட்டினார். 'திருப்பூர் டெய்லர்கள் ஏழு பேர்' என்று ஒரே வரி. பெயர் இல்லை, நாள் இல்லை. மருத்துவமனைச் சீட்டில் பெயரும் தேதியும் இருந்தன. எங்கே அடிபட்டது என்று இல்லை. என் தப்பை விடச் சுத்தமாக அவர்கள் தப்பு செய்திருந்தார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கப்பட்டேன்.

சுசாந்தி அறைக்குள் வரவில்லை. லைனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாள். வெறும் கையோடு திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு நான் வெளியே வந்தபோது, அவள் வாசலில் காவலாளி வேலாயுதனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"மேடம், இங்க வாங்க. நான் எழுதியிருக்கேனுங்க. தினமும் எழுதியிருக்கேன்."

வேலாயுதன் ஒரு நீளமான நோட்டை மேசை மீது விரித்தார். வெளியாட்கள் பதிவேடு. பார்க்க வருகிறவர்கள், சாமான் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் பெயர் எழுத வேண்டிய நோட்டு.

"இவருக்கு இவிடத்த கார்டு இல்லல்லோ சேச்சி. கார்டு இல்லாத்தவர் எல்லாம் விசிட்டர். ரூல்ஸ் அங்ஙனயாணு, அப்படித்தான்" என்றார் அவர்.

பக்கத்தைப் புரட்டினேன். மாதம் முழுக்க, ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும், ஏழு வரிகள்; கடைசிச் சில நாட்களில் மட்டும் ஆறு. உள்ளே வந்த நேரம் 8.30, வெளியே போன நேரம் இரவு 8. யாரைப் பார்க்க என்ற இடத்தில் 'லைன்'. வந்த காரியம் என்ற இடத்தில் 'தையல்'. சிலர் வெறும் கோடு இழுத்திருந்தார்கள். சிலருக்கு வேலாயுதனே எழுதியிருந்தார். சுசாந்தியின் வரியில் மட்டும், அடிபட்ட நாள் வரை ஒவ்வொரு நாளும் முழுப் பெயர், ஒடியா எழுத்தில், உருண்டை உருண்டையாக. அந்த வியாழக்கிழமைக்கு வந்தேன். உள்ளே 8.30. வெளியே 3.20. ஓரத்தில் வேலாயுதன் கையால் மலையாளத்தில் ஏதோ எழுதியிருந்தது. படித்துக் காட்டச் சொன்னேன்.

"கைக்கு முறிவு. மெஷின். ஆஸ்பத்திரி." மலையாளத்தில் முறிவு என்றால் காயம்.

அன்று வெளியே போகும்போதும் கையெழுத்து இருந்தது. இடது கையால் போட்டது. எழுத்துகள் கோணலாக இருந்தன. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

"ரத்தம் வந்துட்டிருந்தப்பவா சைன் பண்ணினே?"

"வேலாயுதண்ணன் வேண்டாம்னாங்க. நான்தான் போட்டேன். வந்ததுக்குப் போட்டா போனதுக்கும் போடணுமில்லீங்களா?" என்றாள். அதன் பிறகு நோட்டின் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப ஒரு மாசம் நான் இங்க விருந்தாளிங்களா? விருந்தாளிக்கு யாராச்சும் ராத்திரி எட்டு மணி வரைக்கும் வேலை குடுப்பாங்களாங்க? சாப்பாடும் நாங்களே ஆக்குனோம்!" என்றாள்.

திருப்பூரில் விடுப்பு, கஞ்சிக்கோட்டில் விருந்தாளி. இரண்டு ஊரும் சேர்ந்து அவளை எங்கும் இல்லாதவள் ஆக்கியிருந்தோம். அவள் மட்டும் தினம் தினம் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று எழுதி வைத்திருக்கிறாள். என் வேலையில் எத்தனையோ பதிவேடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு கையெழுத்தைப் பார்த்து இவ்வளவு பெருமைப்பட்டது இல்லை.

சிவசாமி நோட்டின் நகலைத் தர யோசித்தார். "நாளைக்கு இங்கத்த இ.எஸ்.ஐ. ஆபீஸ்காரங்க வந்து, ரோல்ல இல்லாத ஆளை வச்சு எப்படி வேலை வாங்குனீங்கன்னு கேட்டா நான் என்னங்க சொல்றது?" அவர் பயம் பொய்யில்லை. எனக்கும் அதே பயம்தான், வேறு மாநிலத்தில்.

அங்கேயே ஒரு தாள் வாங்கி எழுதினேன். ஏழு பேரும் திருப்பூர்க் கம்பெனியின் ஆட்கள், கம்பெனி வேலையாகவே கஞ்சிக்கோடு அனுப்பப்பட்டார்கள், கணக்கில் விடுப்பு என்று காட்டியது என் தவறு, கேட்டு உறுதி செய்யாமல் செய்தேன். கீழே என் பெயர், கையெழுத்து. எழுதும்போது வேலை போய்விடுமோ, பாப்பாவின் காப்பகக் கட்டணத்துக்கு என்ன செய்வோம் என்றெல்லாம் ஓடியது. எழுதி முடித்துத் தாளைச் சிவசாமியிடம் நீட்டினேன்.

சிவசாமி இரண்டு முறை படித்தார். "நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. நான் மட்டும் ஒளிச்சு என்னங்க ஆகப்போவுது" என்று சொல்லி, நகலின் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை வைத்தார். அன்று சுசாந்திக்குப் பக்கத்து மெஷினில் இருந்த இரண்டு பெண்கள், தாங்கள் பார்த்ததை எழுதிக் கையெழுத்திட்டார்கள். ஒருத்தி அவளைக் கட்டிக்கொண்டு, "எங்க டீச்சர்" என்றாள் என்னிடம். லைனில் பார்த்தேன். கழுத்துப் பட்டி வைக்கும்போது அத்தனை பேரும் துணியைத் திருப்பும் விதம் அப்படியே மண்ணரைப் பழக்கம்.

பகல் 12.30. பக்கத்துக் கடையில் கேரளத்துச் சிவப்பு மட்டை அரிசிச் சாப்பாடு, எழுபது ரூபாய். குமரேசன் அண்ணன் இரண்டு தடவை குழம்பு வாங்கிக்கொண்டு, "நம்மூர் அரிசி மாதிரி வருங்களா" என்றார். வீட்டுக்கு நான் போட்ட ஐந்தாவது போனில் பாப்பாவே பேசினாள். சளி மூக்கோடு ஏதோ பாடினாள்.

மாலை 4.35. திருப்பூரில் இ.எஸ்.ஐ. அலுவலகம். அதிகாரி எல்லாத் தாள்களையும் வரிசையாகப் பார்த்தார். "லீவுன்னு போட்டது யாருங்க?"

"நான்தாங்க சார்."

நிமிர்ந்து பார்த்தார். "பெரும்பாலும் கம்ப்யூட்டர்னு சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு, பெற்றுக்கொண்டதாக முத்திரை வைத்துக் கொடுத்தார்.

மறுநாள் முதலாளியிடம் எல்லாம் சொன்னேன். என் கடிதத்தின் நகலை அவர் கேட்கும் முன்பே மேசையில் வைத்தேன். கோபப்பட்டார், நியாயமான கோபம். தணிந்த பிறகு, "விட்டுப்போனதை வட்டியோட கட்டிருங்க. ஏழு பேருக்கும் கட்டுங்க அம்மணி, அடிபட்டதுக்கு மட்டும் இல்ல" என்றார். சில வாரங்களில் சுசாந்தியின் காயம் வேலையில் பட்ட காயம் என்று ஏற்கப்பட்டது. வேலைக்கு வராத நாட்களுக்கான தொகை அவள் வங்கிக் கணக்கில் விழுந்தது. விரலுக்கு மதிப்புப் போடும் மருத்துவக் குழுவுக்கு இன்னும் தேதி வரவில்லை.

எல்லை தாண்டிப் போகிற ஒவ்வொருவர் கையிலும் இப்போது ஒரு கடிதம் கொடுத்து அனுப்புகிறேன். யார், எங்கே, எந்த நாள் முதல் எந்த நாள் வரை, யார் கணக்கில் சேரும் என்று தமிழிலும் இந்தியிலும் நான்கு வரிகள். போன வாரம் குமரேசன் அண்ணன் அதை வாங்கித் துணிக்கான ரசீதுக்கு மேலே வைத்தார்.

இப்போது வாசகர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கஞ்சிக்கோட்டு லைனுக்குப் பொறுப்பாளராகவே வந்துவிடும்படி சிவசாமி சுசாந்தியை அழைத்திருக்கிறார். சம்பளமும் கூடுதல். அந்த விரலோடு பழைய வேகத்தில் தைக்க முடியாது. கற்றுக்கொடுக்க முடியும். அவளுக்குப் போக ஆசை. போனால் அந்த மாநிலக் கிளையின் கணக்குக்கு மாறுவாள். காப்பீட்டு எண் மாறாது என்று எனக்குத் தெரியும். ஆனால் மருத்துவக் குழு முடிவதற்கு முன் மாறினால், அந்தக் கோப்பு இங்கே நிற்குமா, அவளோடு போகுமா, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளுமா என்று தெரியவில்லை. இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் ஒருவர் மாறினாலும் பரவாயில்லை என்றார், இன்னொருவர் பொறுக்கச் சொன்னார். ஒரு தடவை கேட்காமல் தட்டியவள் நான். இந்த முறை எல்லோரையும் கேட்கிறேன். இப்படி நடுவில் மாநிலம் மாறியவர்கள், அவர்களுக்குக் கணக்குப் பார்த்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நடந்ததை எழுதுங்கள். வருகிற முதல் தேதிக்குள் அவளுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். பொறுக்கச் சொல்லட்டுமா, போகச் சொல்லட்டுமா?