மீன்காரர் வராத நாட்கள்

கப்பலொன்றிலிருந்து கொள்கலன்கள் கடலில் விழுந்ததில், வெள்ளவத்தைக் கரையெங்கும் சவ்வரிசி போன்ற பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. பயத்தில் மீன் வாங்குவதை நிறுத்திவிட்டேன். சைக்கிளில் வரும் மீன்காரரின் ஹோர்ன் கேட்டாலே ஜன்னலைச் சாத்துவேன். பிறகு அவர் வருவதே நின்றுபோனது.

ஒருநாள், மா அரிக்கும் அரிதட்டோடு நானும் கரையைத் துப்புரவாக்கப் போனேன். அங்கே மீன்காரர் குந்தியிருந்து மணலை அரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அரிக்கத் தொடங்கினேன். அவரே நிமிர்ந்து பார்த்தார்.

“அக்கா, பூனை ஒழுங்கா சாப்பிடுதா?”

எங்கள் பூனைக்குத் தினமும் ஒரு மீன்தலை சும்மா போட்டுவிட்டுப் போகிறவர் அவர்.

“எங்க சாப்பிடுது? காலையில வாசல் கேற்றடியில உங்களைத்தான் பாத்துக்கொண்டு இருக்கு” என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது: எங்கள் வீட்டில் அவரைத் தேடியது பூனை மட்டும்தான்.