பின்வேலியில் ஒரு கேற்

எனக்குக் கார் ஓட வராது. மூன்று தரம் சோதனைக்குப் போய் மூன்று தரமும் ரவுண்டபவுட்டில் கோட்டை விட்டேன். கணவர் இருந்தவரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை. அவர் போன பிறகுதான், மெல்பேணில் கார் ஓடத் தெரியாத பெண் என்றால் எப்போதும் வெளிக்கிட்டுக்கொண்டு யாருக்காவது காத்து நிற்பவள் என்று அர்த்தம் என்பது விளங்கியது.

புதன்கிழமைகளில் எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்தில் மூத்தோர் ஒன்றுகூடல் நடக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைப்பது என் பொறுப்பு. மகன் அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை செய்வான். அவனுடைய இரண்டு மீட்டிங்குகளுக்கு நடுவில் எங்கேயாவது ஒரு சந்து கிடைத்தால், அதுதான் என்னுடைய புதன்கிழமை. "ஃபைவ் மினிட்ஸ் அம்மா" என்பான். நான் சேலை உடுத்தி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரக் கதிரையில் இருப்பேன். நான் போய்ச் சேரும்போது வேறு யாராவது சொதியை இறக்கி வைத்திருப்பார்கள், உப்பும் இல்லாமல் புளியும் இல்லாமல். அறுபது வயதுக்கு மேல் ஒருத்தி தன் சொந்த மகனிடம் "இப்ப நேரமோ தம்பி?" என்று கதவிடுக்கில் நின்று கேட்கும்போது வருகிற கோபம் எப்படிப்பட்டது என்று கேட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும்.

எங்கள் தெருவில் பழைய சாமான்களை வாசலில் போட்டு நகரசபை வந்து அள்ளிப்போகும் கிழமை ஒன்று உண்டு. அப்படி ஒரு கிழமையில் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பெண்கள் சைக்கிள் கிடந்தது. கேட்டேன், எடுத்துக்கொள் என்றார்கள். இரண்டு ரயரும் மாற்றியதும் அது ஓடியது. நானும் ஓடினேன். போரில் பெற்றோல் தடைசெய்யப்பட்ட காலத்தில் யாழ்ப்பாணம் முழுவதும் சைக்கிள் உழக்கியவள் நான். கால் மறக்கவில்லை.

மகனுக்குத்தான் முகம் கறுத்தது. "குப்பையில எடுத்ததை ஓடப் போறீங்களா? ஆக்கள் பார்த்தா என்ன நினைப்பினம்?" என்றான். ஆட்கள் நினைப்பதற்கு என்ன இருக்கிறது? ஒருத்தி சைக்கிளில் போகிறாள் என்று நினைப்பார்கள்.

மண்டபத்துக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பெரிய நெடுஞ்சாலை. ஒரே ஒரு தரம் அதில் போனேன். ஒரு லொறி உரசிக்கொண்டு போன காற்றில் கரைக்கல்லில் மோதி விழுந்தேன். முழங்கை கிழிந்து இரத்தம் வடிய வீட்டுக்கு வந்து, இனி அந்த றோட்டில் போகமாட்டேன் என்று மகனுக்குச் சத்தியம் பண்ணினேன். மற்றது ஓடைக்கரை வழியாகப் போகும் மண்பாதை. மழைக்குச் சேறாகும் என்பதைத் தவிர அதில் ஒரு தொல்லையும் இல்லை. அது சரியாக எங்கள் மண்டபத்தின் பின்வேலியை ஒட்டிக்கொண்டு போகிறது. ஆனால் வேலியில் வாசல் இல்லை; முன்வாசலுக்குச் சுற்றிவர அதே நெடுஞ்சாலைதான்.

அப்போதுதான் அந்தப் பாதையைச் சைக்கிள் சுற்றுலாப் பாதையாக்கும் திட்டம் வந்தது. நகரசபையிலிருந்து ஒரு பெண் பிள்ளை பெரிய வரைபடத்தோடு எங்கள் மண்டபத்துக்கே வந்து விளக்கினாள். நகரத்தில் இருப்பவர்கள் ரயிலில் சைக்கிளோடு வந்து இறங்குவார்களாம். சதுப்பு நிலத்துப் பறவைகளைப் பார்த்துக்கொண்டு, திராட்சைத் தோட்டங்கள் வரை உழக்கிப் போய், வைன் குடித்துவிட்டு வருவார்களாம். வழியில் உள்ள மண்டபங்கள் விரும்பினால் பாதைப் பக்கம் ஒரு கேற் போட்டுத் தருவோம், ஒரு சதமும் தரவேண்டாம், சம்மதம் மட்டும் சொன்னால் போதும் என்றாள். எனக்கு அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. வைன் குடிக்கப் போகிறவர்களுக்காகப் போடுகிற பாதையில் சொதி வைக்கப் போகிற நானும் போய்விட்டால் யாருக்கு நட்டம்?

சங்கத் தலைவர் அண்ணை எழும்பினார். "கேற் வைச்சா கண்ட கண்ட ஆக்களெல்லாம் உள்ளுக்க வருவினம். எங்களுக்குக் கார் விடவே இடம் காணாது. இதில சைக்கிளுக்கு எங்க போறது? எங்கட ஆக்கள் ஒருத்தரும் சைக்கிள் ஓடுறேல்லை."

"நான் ஓடுறன்" என்றேன்.

சபை சிரித்தது. "அக்கா பகிடி விடுறா" என்று அவரும் சிரித்தார். இந்த மனிதர் அந்த நாளில் மனைவியைச் சைக்கிள் பாரில் வைத்து உழக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையால் போனதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அங்கே சிரித்த ஆண்கள் அத்தனை பேரும் அப்படி உழக்கித்தான் உயிர் தப்பினார்கள். இங்கே வந்து காருக்கு மேல் காராக வாங்கி விட்டதும் சைக்கிள் என்றால் ஏழையின் சாமான் ஆகிவிட்டது. வெள்ளைக்காரன் இறுக்கமான உடுப்போடு ஓடினால் அது உடற்பயிற்சி. நான் சேலையைச் செருகிக்கொண்டு ஓடினால் பகிடி.

செயற்குழு கூடி முடிவெடுக்கும் என்றார்கள். மகனும் செயற்குழுவில் இருக்கிறான். திரும்பி வரும்போது காரில் அவனிடம், "எனக்காக ஒரு சொல் சொல்லு தம்பி" என்று கேட்டேன். "பாப்பம் அம்மா" என்றான். பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "கேற் சரிவரேல்லை அம்மா, சேஃப்டி இஷ்யூ எண்டு கொமிற்றி சொல்லிப்போட்டுது" என்றான். கொமிற்றியை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான்.

பாதை போட்டு முடிந்தது. வசந்தகாலத்தில் ஒரு சனிக்கிழமை திறந்தார்கள். அந்தப் பருவத்தில் மக்பை குருவிகள் குஞ்சு காப்பதற்காகத் தலையில் கொத்த வரும். அதற்காக எல்லோரையும் போல நானும் ஹெல்மெட்டில் பிளாஸ்ரிக் ஈர்க்குகளை முள்ளுமுள்ளாகக் கட்டிக்கொண்டு போனேன். அழகான பாதைதான். பொய் சொல்ல வரவில்லை. மண்டபத்தின் பின்பக்கம் வந்ததும் பிறேக்கைப் பிடித்தேன்.

வேலிக்கு உட்பக்கம் எங்கள் சங்கம் கடை போட்டிருந்தது. ரோல்ஸ், கடலை வடை, இஞ்சித் தேத்தண்ணி. நெஞ்சளவுக் கம்பிவேலிக்கு மேலால் கையை நீட்டி நீட்டி வெள்ளைக்காரர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். கண்ட கண்ட ஆட்கள் வரக்கூடாது, ஆனால் அவர்களுடைய காசு வேலிக்கு மேலால் வரலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நகரசபைப் பிள்ளையும் அங்கே நின்றாள். உங்கள் சமூகத்தில் யாராவது சைக்கிள் ஓடுகிறார்களா என்று தலைவர் அண்ணையிடம் கேட்டாள். அவர் என்னைக் கண்டுவிட்டார். வாயெல்லாம் பல்லாக, "யெஸ் யெஸ், அவர் லேடீஸ் ஆல்சோ ரைட் சைக்கிள்" என்று என்னைக் காட்டினார். அந்தப் பிள்ளை படமெடுக்க ஃபோனை உயர்த்தினாள்.

"கேற் எங்கே என்று முதலில் அவரைக் கேள்" என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன். ரோல்ஸுக்கு நின்ற வரிசை திரும்பிப் பார்த்தது.

தலைவர் அண்ணை வேலியில் சாய்ந்து, அந்தப் பிள்ளைக்கு விளங்காதபடி தமிழில் குரலை இறக்கினார். "அக்கா, என்னோட கோவிக்கவேண்டாம். நாங்கள் பிறகு யோசிச்சுப்போட்டு வைப்பம் எண்டுதான் சொன்னனாங்கள். உங்கட மகன்தான் விடேல்லை. அம்மா சைக்கிளில வந்து இறங்கினா, பெத்த தாயைக் கவனிக்கத் தெரியாதவன் எண்டு சனம் என்னைத்தான் கதைக்கும் எண்டு சண்டை பிடிச்சவர். பெடியன் சொல்லுறதிலயும் ஞாயம் இருக்குத்தானே?"

பேச்சோடு பேச்சாக அவர் வேலிக்கு மேலால் நீட்டிய ரோல்ஸ் என் கையில் இருந்தது. அதை வேலிக்கம்பத்தின் மேல் வைத்தேன். கொமிற்றி கொமிற்றி என்று நான் திட்டிய நேரமெல்லாம் என் முன்னால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது அந்தக் கொமிற்றிதான். தன் பெயர் கெடாமலிருக்க என்னைக் கதிரையில் இருத்தி வைத்தவன் என் பிள்ளை. முன்வாசலில் கார்களுக்கு இடம் காட்டிக்கொண்டு நிற்கிறான் என்று யாரோ சொன்னார்கள். நான் சைக்கிளில் ஏறி, வந்த திசைக்குத் திரும்பாமல், முன்னால் உழக்கினேன்.

ஓடை வளைகிற இடமும் தாண்டி, நான் அதுவரை போகாத தூரத்தில் ஃபோன் அடித்தது. மகன்தான். குரல் பதறியது.

"அம்மா, அண்ணை சொன்னவர். எங்க நிக்கிறீங்கள்? கோவத்தில அந்த பிஸி றோட்டுக்குப் போயிடாதேங்கோ. லொக்கேஷன் அனுப்புங்கோ, நான் உடன வந்து ஏத்துறன்."

இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நாணல்.

"இஞ்ச கார் வராது தம்பி" என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.