மஞ்சள் கடதாசியில எழுதின பேர்

தொண்ணூறுகளின்ர நடுப்பகுதி. அப்ப நான் லண்டன் எட்மண்டனில ஒரு தையல் பக்டரியில வேலை செய்தனான். பக்கத்து மெஷினில ஒரு வியட்நாம் மனிசி. சைகோனில இருந்து வள்ளத்தில தப்பி வந்தவ. நான் அவவை அக்கா எண்டு கூப்பிடுவன், அவ என்னைத் தங்கச்சி எண்டுவா. ரெண்டு பேருக்கும் அரைகுறை இங்கிலீஷ்தான், ஆனாலும் நாள் முழுக்க வாய் மூடமாட்டம்.

அந்த வருசம் என்ர மனிசனுக்குக் கம்பனி அலுவலா சைகோன் போக வேண்டி வந்தது. நானும் லீவு போட்டு ஒட்டிக்கொண்டன். கேட்டவுடன அக்கா அழுதிட்டா. சைகோனுக்குத் தெற்கே, தூர ஒரு ஊரில, அவவின்ர தம்பியோட இருக்கிற தாய்க்கு வயித்தில ஆபரேசன் வருகுதாம். அக்காவுக்கோ போகப் பயம், போனால் திரும்பி வர விடுவாங்களோ எண்டு. சைகோனில தானும் தாயும் முந்திப் போற கோயிலில, தாயின்ர பேரை எழுதி ஊதுபத்தி கொளுத்திவிடச் சொல்லி, பேரை ஒரு துண்டில எழுதித் தந்தா. நட்சத்திரம் என்ன எண்டு கேட்டன். விழுந்து விழுந்து சிரிச்சுப்போட்டு, தங்களுக்குப் பிறந்த வருசத்துக்கு ஒரு மிருகம்தானாம், தாய் பன்றி வருசம் எண்டா.

உண்மையைச் சொன்னால், புத்தர் இருக்கிற இடமெண்டா எங்கட ஆக்களுக்கு மனசு கொஞ்சம் பின்னுக்கு இழுக்கும். ஏனெண்டு உங்களுக்குத் தெரியும், ஊரில ஆமி வந்து குந்தின இடமெல்லாம் புத்தரும் வந்தவர். ஆனா அந்தக் கோயில் வாசலிலயே நான் உருகிப்போனன். சீனர் கட்டின பழைய கோயில், கூரை முழுக்கக் குட்டிக் குட்டிப் பீங்கான் பொம்மையள். உள்ளுக்கு ஒரு பக்கம் புத்தர் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார். மற்றப் பக்கம் எங்கட வைரவர் மாதிரி மீசையும் முழியுமாச் சீனரின்ர தாவோ மதத் தெய்வங்கள். ஒருத்தரோட ஒருத்தருக்குச் சண்டையில்லை. முகட்டில இருந்து ஊதுபத்திச் சுருளுகள் நுளம்பு கடிக்காமல் கொளுத்துற திரி மாதிரிப் பெரிசாத் தொங்கிக்கொண்டிருந்துது. ஒவ்வொண்டிலயும் பேர் எழுதின கடதாசி.

பேர் எழுதுற ஐயாவுக்கு முன்னால சிவப்புக் கடதாசி ஒரு கட்டு, மஞ்சள் ஒரு கட்டு. எது எண்டு கையால கேட்டார். இதென்ன கேள்வி? கலியாணக் கார்ட்டுக்கே மஞ்சள் பூசுற சனம் நாங்கள். டக்கெண்டு மஞ்சளைக் காட்டினன். ஐயா என்ர முகத்தைப் பார்த்து, கையைப் பிடிச்சு மெல்லத் தட்டிக் குடுத்தார். என்ன நல்ல மனிசன் எண்டு நினைச்சுக்கொண்டு, சுருளுக்குக் கீழ நிண்டு பல்லெல்லாம் தெரியப் படமும் எடுத்தன்.

லண்டனுக்கு வந்த சனிக்கிழமை காலமை, கழுவின படங்களோட அக்காவின்ர பிளாட்டுக்கு ஓடினன். ஆபரேசன் நடந்து எட்டு நாள். போன் லைன் கிடைக்காமல் அவ தவிச்சுக்கொண்டு இருந்தா. நான் பெருமையா அந்தப் படத்தை நீட்டினன். அவவின்ர முகம் வெளிறிப்போச்சு. சிவப்பு உயிரோட இருக்கிற ஆக்களுக்கு, மஞ்சள் செத்த ஆக்களுக்கு எண்டா.

ஐயோ! எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை. விசரி, ஒரு சொல்லுக் கேட்டுத் துலைச்சிருக்கலாமே எண்டு என்னை நானே திட்டி அழுதன். அக்கா திட்டேல்லை. திரும்பத் திரும்ப நம்பரை அமத்தினா. இடையில எழும்பிப்போய் எனக்குத் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்து, "குடி தங்கச்சி, நீ தெரிஞ்சு செய்யேல்லைத்தானே" எண்டா. கோப்பையைக் கையில வைச்சுக்கொண்டு நானும் போனையே பார்த்துக்கொண்டு இருந்தன்.

பதினொரு மணிபோல லைன் கிடைச்சுது. தம்பி வீட்டில போன் இல்லை, அது பக்கத்து வீட்டு நம்பர்; அந்த வீட்டுக்காரர் ஆரையோ கூப்பிடுற சத்தம். கனநேரம் கழிச்சு ஒரு வயசான குரல். அக்கா "மா!" எண்டு கத்தி அழத் தொடங்கினா. அழுது முடிய என்ர கெட்டித்தனத்தையும் சொல்லியிருக்கிறா. அந்தப் பக்கம் மனிசி சிரிச்ச சிரிப்பு எனக்கே கேட்டுது.

"மேல, செத்த ஆக்களின்ர கணக்கில, தன்ர பேரைப் பதிஞ்சாச்சாம். ஆள் வந்திட்டா எண்டு நினைச்சு இனி ஒருத்தரும் தன்னைத் தேடி வரமாட்டினமாம். உனக்கு நன்றி சொல்லட்டாம்" எண்டு அக்கா எனக்குச் சொன்னா. ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அழுதம், சிரிச்சம். மனிசி அதுக்குப் பிறகும் கனகாலம் இருந்தா.

இப்ப நான் மற்றவையின்ர கோயிலுக்குள்ள கேட்டுத்தான் எதையும் தொடுறது. ஆனா மனசில நிக்கிறது அந்தப் போனுக்குக் காத்திருந்த நேரம்தான்: தாய் இருக்கிறாவோ இல்லையோ எண்டு தெரியாத நேரத்திலயும் அக்கா என்னைத்தான் தேற்றிக்கொண்டு இருந்தா, அதால எனக்கு ஆரும் பிழை விட்டால், கோவம் வாய்க்கு வரமுன்னம் அவவின்ர முகம் வந்து நிக்கும்.