முத்துப்பேச்சியின் காது

அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் அறை வெடித்தது. கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த முத்துப்பேச்சியின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை, தப்பித்தாள் என்றார்கள். காது உடம்பில் சேராது போலிருக்கிறது. அன்று அதற்குள் தொடங்கிய 'உஸ்' என்ற சத்தம் இன்றுவரை ஓயவில்லை. அவளோடு ஒரே வேனில் வேலைக்குப் போகிற என்னிடம்கூட எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னாள்.

நல்லெண்ணெய் காய்ச்சி விட்டுப் பார்த்தாள். அதற்கும் சத்தம் நிற்கவில்லை என்றதும் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். காதில் அழுக்கு அடைத்தால் இப்படி வரலாம், ரத்த அழுத்தம், ரத்தசோகை, சில மாத்திரைகளாலும் வரலாம் என்று டாக்டரம்மா எல்லாவற்றையும் சோதித்தார். எதுவும் இல்லை.

"அந்த வெடிச் சத்தத்துல உள்காது கெட்டுப்போச்சும்மா. வெளியில சத்தமே கிடையாது. காது அனுப்பாத சத்தத்துக்குப் பதிலா மூளை தானா ஒரு சத்தத்தை உண்டாக்குது. முழுசாப் போகும்னு சொல்ல முடியாது. தூங்கும்போது ஃபேன் ஓடட்டும். வெடிச் சத்தத்துக்குப் பக்கத்துல போகாதீங்க."

வெடிச் சத்தத்துக்குத் தப்பி இந்த வட்டாரத்தில் எங்கே போய்ப் பிழைப்பது என்று அவர் சொல்லவில்லை.

முத்துப்பேச்சிக்கு வேலை, பட்டாசுக்கு மருந்து அடைக்கிற அறையில். அங்கே எல்லோருக்கும் ஒரே பாடம்தான். மருந்து சூடேறினால் முதலில் சீறும். கேட்டதும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும். அந்தச் சீறலும் முத்துப்பேச்சியின் காதுச் சத்தமும் ஒரே மாதிரி. இரண்டு தடவை ஓடினாள். அவளைப் பார்த்து எல்லோரும் விழுந்தடித்து ஓடினார்கள். இரண்டு தடவையும் ஒன்றுமில்லை.

போர்மேன் சீனிவாசகம் கூப்பிட்டுவிட்டார். "காது சரியில்லாத ஆளு மருந்து ரூமுக்குள்ள வரக்கூடாது. வாசல் கூட்டுற வேலையப் பாருங்க."

அதற்குப் பாதிக் கூலி. மகள் ஐஸ்வர்யா கல்லூரியில் படிக்கிறாள்.

"அழுக்குதானாம் சார், எடுத்தாச்சு. இப்பம் ஒண்ணுங் கேக்கல" என்றாள் முத்துப்பேச்சி.

எதிரே உட்கார்ந்து வேலை பார்க்கும் அழகுமீனாவிடமும் அதையேதான் சொன்னாள். அழகுமீனா எழுந்து ஓடினால் நாமும் ஓடிவிடலாம் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வேலை செய்தாள். அவளிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரமாக வருகிறது. ஆனால் அவள் இடத்தில் நானிருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

தீபாவளி சீசனில் ஆர்டர் குவிந்தது. முந்தின நாள் மிஞ்சிய மருந்தை அழிக்காமல் காலையில் எடுத்தார்கள். அது மழை ஈரத்தில் இருந்த மருந்து, ஈரம் பட்டால் தானாகவே சூடேறும். பத்து மணி சுமாருக்கு அழகுமீனா தலையைத் தூக்கினாள்.

"யக்கா, உஸ்ஸுன்னு என்னமோ கேக்குல்ல?"

முத்துப்பேச்சிக்குக் கேட்டது. எப்போதும் கேட்பதுதானே. ஆமென்றால் காது விஷயம் வெளியே வந்துவிடும்.

"ஒண்ணுங் கேக்கலையே."

அழகுமீனா மறுபடி குனிந்து வேலையைப் பார்த்தாள்.

அறை வெடித்ததில், வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த முத்துப்பேச்சி வெளியே போய் விழுந்தாள், கைகள் வெந்துபோயின. அழகுமீனா ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து செத்தாள்.

கைக்கட்டு அவிழ்வதற்குள் முத்துப்பேச்சி துக்கம் கேட்கப் போனாள், கூட நானும் போனேன். அழகுமீனாவின் புருஷன் பாண்டிமுருகன் அவள் முன்னால் உட்கார்ந்து அழுதான்.

"அவளுக்குச் சத்தம் கேட்டுச்சாம்க்கா. ஒங்களுக்குக் கேக்கலன்னதும், தன் காதுலதான் கோளாறுன்னு நெனச்சுக்கிட்டாளாம்."