வாய்விட்டுப் படித்த முகவரி

என்னிடம் இருந்த பிட்காயின் பெரிய சொத்து ஒன்றுமில்லை. தரமணியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தது. மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. எது எங்கே உடையும் என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தி வீட்டுக்கும் என்னோடு வந்துவிட்டது.

என் கணவரும் அவர் தம்பியும் தி. நகரில் பை, சூட்கேஸ் கடை வைத்திருக்கிறார்கள். கணவருக்குக் கணினி அவ்வளவு பழக்கமில்லை. ஆனால் கடையைச் சாத்தியபின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் வண்டியை எடுக்கமாட்டார். அதனால் என் பழக்கங்களை அவருக்கு விளக்குவது எளிதாக இருந்தது. வாங்கும் இணையதளத்திலேயே காயினை விட்டுவைக்கக் கூடாது, அவ்வப்போது பென் டிரைவ் அளவிலான ஒரு கருவிக்கு மாற்றி நம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். “நகையைக் கடைக்காரன்கிட்டயே விட்டுட்டு வர்ற மாதிரிதானே?” என்று கேட்டார். அதேதான்.

மாற்றும்போது எங்களுக்கு ஒரு முறை உண்டு. அனுப்பவேண்டிய முகவரி அந்தக் கருவியின் குட்டித் திரையில் தெரியும். எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான சரம். அவர் அதைப் பார்த்து வாய்விட்டுப் படிப்பார். கணினியில் கருவியின் செயலி காட்டும் அதே முகவரியை நகலெடுத்துத் தளத்தில் ஒட்டியிருப்பேன்; அதோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுவேன். கடைசி எழுத்துவரை சரியாக இருந்தால்தான் அனுப்புவோம். அதுவும் முதலில் கொஞ்சம். அது வந்து சேர்ந்த பிறகுதான் மீதி.

ஒரு சனிக்கிழமை காலை என் மடிக்கணினி பழுதாகிக் கிடந்ததால் கடைக் கணினியில் உட்கார்ந்தோம். பலர் கை படும் கணினி. எனக்கு மனசே இல்லை. அன்று மாலையிலிருந்து தளத்தில் பராமரிப்பு வேலை, சில நாள் எதையும் வெளியே எடுக்க முடியாது என்று அறிவிப்பு வந்திருந்தது. எப்படியும் படித்துப் பார்த்துத்தானே அனுப்பப் போகிறோம் என்று தொடங்கினேன்.

கொழுந்தனுக்கு அவசரம். சரக்கு வண்டி வாசலில் வந்து நின்றிருந்தது.

“அண்ணி, முதல் நாலு எழுத்து சரியா இருக்குல்ல? அனுப்பிடுங்க.”

“இந்த மாதிரி முகவரிக்கெல்லாம் முதல் நாலு எழுத்து ஒண்ணுதாம்பா. அத வச்சு எதுவும் சொல்ல முடியாது. அண்ணன் படிக்கட்டும்.”

கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். “பி, சி, ஒண்ணு, க்யூ... ஏழு...”

“ஏழா? இங்க டபிள்யூ இருக்கே.”

“ஏழுதான்மா. நல்லா தெரியுது.”

அடுத்த எழுத்தும் ஒத்துவரவில்லை. நான்தான் தவறாக நகலெடுத்துவிட்டேன் என்று நினைத்து, மறுபடி நகலெடுத்து ஒட்டினேன். அப்போதும் டபிள்யூ. ஒரு வெற்றுப் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தேன். அங்கேயும் எங்களுடையதல்லாத அந்த முகவரியேதான் வந்தது. நகலெடுப்பதற்கும் ஒட்டுவதற்கும் நடுவில் கணினிக்குள் இருக்கும் ஏதோ ஒன்று முகவரியை மாற்றுகிறது.

உடனே பக்கத்தை மூடினேன், இணைய வயரைப் பிடுங்கினேன், என் கைப்பேசியிலிருந்து தளத்தின் கடவுச்சொல்லை மாற்றினேன், மற்ற எல்லா இடத்திலும் கணக்கிலிருந்து வெளியேறினேன்.

“அனுப்பியிருந்தா என்ன ஆயிருக்கும் அண்ணி?” கொழுந்தனின் குரல் இறங்கியிருந்தது.

“போயிருக்கும். அதுக்கப்புறம் யார்கிட்டயும் போய் திருப்பிக் கேக்க முடியாது.”

கணவர் கருவியைக் கையில் மூடிப் பிடித்தபடி, “இதுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்றார். ஆகாது என்றேன். காயினை எடுக்கத் தேவையான ரகசியச் சாவி அதற்குள்தான் இருக்கிறது, கணினிக்குப் போவதே இல்லை. அவர் முகம் தெளிந்தது. சரக்கை இறக்கக் கிளம்பிப்போனார்.

மதியம் வந்த கணினி மெக்கானிக் கொஞ்ச நேரம் குடைந்துவிட்டுச் சிரித்தார். “இன்னா சார், பில் போடுற சாஃப்ட்வேர ஓசில இறக்கிகீறீங்க. அதோட ஒட்டிக்கினு வந்துகீது இது.” கொழுந்தன் தெருவைப் பார்த்தார். எல்லாவற்றையும் அழித்து, காசு கொடுத்து வாங்கிய மென்பொருளைப் போடச் சொல்லிவிட்டார் கணவர்.

பராமரிப்பு முடிந்தபோது என் மடிக்கணினியும் திரும்பியிருந்தது. அசோக் நகர் வீட்டில், சாப்பாட்டு மேசையில், அதே வேலையை மறுபடி தொடங்கினோம். படிப்பதற்குக் கொழுந்தனே கருவியை வாங்கிக்கொண்டார். வேகமாகப் படித்ததால் அண்ணனிடம் திட்டு வாங்கி முதலிலிருந்து தொடங்கினார். எல்லா எழுத்தும் பொருந்தின. கொஞ்சம் அனுப்பி, காப்பி குடித்துக் காத்திருந்தோம். வந்து சேர்ந்தது. மீதியையும் அனுப்பினேன்.

சில வாரத்தில் கொழுந்தனும் தன் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி, கருவியும் வாங்கிவிட்டார். ஒரு நாள் நான் அலுவலகப் பேருந்தில் இருக்கும்போது அவரிடமிருந்து அழைப்பு.

“அண்ணி, ஒருத்தன் கம்பெனிலருந்து பேசுறேன்னான். கணக்க முடக்கப் போறாங்களாம், கருவியோட மீட்புச் சொல்லெல்லாம் சொன்னா காப்பாத்திக் கொடுப்பானாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“முடக்கிக்கோன்னு சொல்லிட்டு வச்சிட்டேன். சரிதான?”

சரிதான் என்றேன். அந்தச் சொற்கள் கிடைத்தால் கருவியே இல்லாமல் எல்லாக் காயினையும் எடுத்துவிடலாம். கடையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று அவரே அழைப்பைத் துண்டித்தார்.