சூடம் அணைக்காத ராக்கம்மாள்

காரைக்குடியிலிருந்து வருகிற காலை பஸ் எங்கள் வீதி முனையில் நிற்காது. அன்று நின்றது. கண்டக்டர் தம்பி படியில் நின்றபடியே கூப்பிட்டுச் சொன்னான்: “அப்பத்தா, தையக்கார அத்தை விடியக்காலம் ஆஸ்பத்திரியில தவறிப்போச்சு. வண்டி பின்னால வருது. வீட்டைத் தொறந்து வைக்கச் சொல்லுங்க.” பஸ் போய்விட்டது. பிறகு நானே போய் ராக்கம்மாள் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தேன். தையல் மிஷினில் யாருடைய பாவாடையோ ஊசிக்கு அடியில் பாதி தைத்தபடி இருந்தது.

ஊராட்சி ஆபீசில் அவளுக்கு இரங்கல் கூட்டம் போட்டோம். கிளார்க் எழுந்து, “எல்லாரும் ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்” என்றார். கையைக் கீழே விட்டு, வாயை மூடி, எல்லோரும் நின்றோம். எனக்குத் துக்கத்துக்கு நடுவிலும் சிரிப்பு வந்தது. ராக்கம்மாள் அங்கே இருந்திருந்தால், “இது எனக்குப் பழக்கம்தானக்கா, நீங்கதான் இன்னைக்குப் புதுசா நிக்கிறீக” என்றிருப்பாள். அவளை அறிந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். புதிதாக வாழ வந்த மருமகள்களும் இந்த நினைவுக் குறிப்பைப் படிப்பார்கள் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனாலும் என் எழுத்து கோணாது, என் பேத்தி கல்லூரியில் படிக்கிறாள், அவள் பார்த்துவிட்டு ஒரு பிழைதான் திருத்தினாள்.

ராக்கம்மாளும் நானும் பெண்களுக்கு வார்டு ஒதுக்கி நடந்த முதல் தேர்தலில் ஜெயித்து, ஒரே நாளில் ஊராட்சி உறுப்பினர் ஆனவர்கள். பதவி ஏற்க வைக்க வந்த அதிகாரி, அச்சடித்த தாளை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். ஆண்டவன் பேரால் என்று நான் சத்தமாகப் படித்தேன், வாசலில் நின்ற என் மகன் முருகேசனுக்குக் கேட்கிற மாதிரி. அடுத்து ராக்கம்மாள். அவள் தாளைப் பார்த்துவிட்டு, “சார், இதுல இன்னொரு விதமும் உண்டாமே, உளமாரச் சொல்றதுன்னு. அதைக் குடுங்க” என்றாள். அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க வேதக்காரவுகளாம்மா, சர்ச்சுக்குப் போறவுகளா?”

“இல்லைங்க சார், தையக்காரி.”

கூடம் முழுவதும் சிரித்தது. அதிகாரியும் சிரித்துக்கொண்டே பேனாவால் அடித்து மாற்றி எழுதிக் கொடுத்தார். அவள் ஒவ்வொரு சொல்லாக, ஊசியில் நூல் கோக்கிற மாதிரி நிதானமாகச் சொல்லி முடித்தாள்.

எதையும் எதிர்த்துக் கோஷம் போடுகிறவள் இல்லை அவள். ரேஷன் கடைக்குப் புதுக் கட்டடம் திறந்தபோது குத்துவிளக்கைத் துலக்கினாள், திரி போட்டாள், எண்ணெய் ஊற்றினாள். ஏற்றுவதற்கு மெழுகுவத்தியை அவள் கையில் கொடுத்ததும், பக்கத்தில் நின்ற ஆரோக்கியமேரி டீச்சர் கைக்கு மாற்றிவிட்டாள். டீச்சர் எங்களோடு இருந்த இன்னொரு உறுப்பினர், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “எங்க கோயில் திருவிழாவுக்கு வந்தாலும் இப்படித்தான். தேரை வேடிக்கை பார்ப்பா, பொரிகடலை வாங்குவா, மண்டி போட மாட்டா” என்று டீச்சர் என் காதில் சொன்னார். வீட்டுக்குள் அவள் சாமி கும்பிடுவாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

ஆகஸ்டு பதினைந்தில் கொடி ஏற்றியதும், கிளார்க் உறுதிமொழியை வரி வரியாகப் படிப்பார், நாங்கள் கையை நீட்டித் திருப்பிச் சொல்வோம். ராக்கம்மாள் நேராக நிற்பாள், கொடியைப் பார்ப்பாள், வாய் திறக்க மாட்டாள். ஒன்றியத்திலிருந்து வந்த ஓவர்சியர் ஒருவர் அதைக் கவனித்துவிட்டு, “ஏம்மா, நாட்டு மேல பற்று இல்லையா?” என்று கேட்டேவிட்டார். அவள் கோபப்படவில்லை. “பதவி ஏத்தப்ப வாய்விட்டுச் சொல்லிட்டேனே சார். வருசா வருசம் திரும்பச் சொன்னா, போன வருசம் சொன்னது காலாவதியாயிருச்சுன்னு ஆகாதா?” என்றாள். ஓவர்சியர் மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

அன்று திரும்பி வரும்போது நானும் கேட்டேன். “ஏன்டி, எல்லாரும் சொல்றப்ப நீயும் வாயை அசைச்சா முத்தா உதிர்ந்துரும்?”

“அக்கா, அத்தனை பேரு சத்தத்துல என் வாயும் அசைஞ்சா, நான் சொன்னேனா சும்மா அசைச்சேனான்னு எனக்கே தெரியாமப் போயிரும். எனக்குத் தெரியணும்ல?”

அவள் தையல் வேலையும் அப்படித்தான். தையல்காரர் சொன்ன நாளில் துணி வாங்கியவர்கள் உலகத்தில் உண்டா? எங்கள் ஊரில் உண்டு. வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை. தீபாவளி நெருக்கத்தில் கொண்டுபோனால், “முடியாது, காரைக்குடியில குடுத்துக்கங்க” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த ஆச்சி ஒருவர், “செட்டிநாட்டுலயே பொய் சொல்லாத தையக்காரி நீ ஒருத்திதான்” என்று இவளைப் பார்த்துச் சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

இனி துணைத்தலைவர் தேர்தல் கதையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் ராக்கம்மாளைச் சொல்ல முடியாது.

துணைத்தலைவரை உறுப்பினர்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் நின்றேன். எங்கள் பக்கம் ஐந்து ஓட்டு, எதிர்ப்பக்கம் நாலு. ஐந்தும் சிதறாமல் இருக்க வேண்டும் என்று முருகேசன் ஐந்து பேரையும் கருப்பர் கோயிலுக்குக் கூட்டிப்போனான். வாக்கு மாறமாட்டேன் என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் நிலத் தகராறு, களவு, எல்லாவற்றுக்கும் அதுதான் முடிவு. நான் அணைத்தேன். மூன்றாவது வார்டு உறுப்பினர் அணைத்தார். அவர் பெயரை எழுத மாட்டேன், அவரும் இதைப் படிப்பார். இன்னொருவரும் அணைத்தார். ஆரோக்கியமேரி டீச்சர் கோயில் வாசலிலேயே நின்று கழுத்துச் சிலுவையைத் தொட்டுச் சொன்னார். அதையும் ஒத்துக்கொண்டார்கள். ராக்கம்மாள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“அக்காவுக்குத்தான் போடுவேன். சொல்லிட்டேன். சூடம் வேணாம்” என்றாள்.

“சூடத்தைத் தொட்டாத்தானே அத்தை நம்ப முடியும்?” என்றான் முருகேசன்.

“அப்ப நீங்க சூடத்தை நம்புறீக. என்னைய நம்பல.”

சூடம் தானாக எரிந்து அணைந்தது. நாங்கள் வீடு வந்தோம். ஓட்டுப்பதிவு நடந்தது. எனக்கு நாலு, எதிர்ப்பக்கம் ஐந்து. தோற்றுவிட்டேன்.

ஊருக்குக் கேட்கவா வேண்டும்? சத்தியம் செய்யாதவள் ஒருத்திதானே. ராக்கம்மாள்தான் மாற்றிப் போட்டாள் என்று குழாயடி முதல் டீக்கடை வரை பேச்சு. முருகேசன் அவள் வீட்டு வழியாகப் போவதையே நிறுத்தினான். அவள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. “அக்கா, உங்களுக்குத்தான் போட்டேன்” என்றாள். நான் “சரி” என்றேன். அவள் போய்விட்டாள்.

அந்த மாதமே கருப்பர் கோயில் சாமி கும்பிடு திருவிழாவுக்கு வரி போடக் கூட்டம் கூடியது. வரி என்றால் வெறும் காசு இல்லை. வரி வாங்கினால் அந்த வீடு ஊரோடு சேர்ந்தது. வாங்காவிட்டால் நல்லது கெட்டதுக்கு யாரும் அந்த வாசல் மிதிக்க மாட்டார்கள். ராக்கம்மாள் மகனுக்கு அப்போது பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் அம்பலம், அவர்தான் ஊருக்குப் பெரியவர், சொன்னார்:

“ராக்கு, ஊரு ஒரு மாதிரி பேசுது. சூடத்தை அணைச்சு, அக்காவுக்குத்தான் போட்டேன்னு சொல்லிட்டு வரியைக் கட்டு. இல்லாட்டி உன் வரி வேணாம்.”

அவள் முந்தானையில் முடிந்திருந்த வரியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “வரி தர்றேன் மாமா. சத்தியம் தரமாட்டேன்.”

“அப்படி என்னம்மா வீம்பு?”

“வீம்பு இல்லை மாமா. நெசத்தைச் சொல்லிட்டேன். அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்லை.”

மகன் அவள் பின்னால் தலையைக் குனிந்து நின்றான். ஒரு கைச் சூடம் அணைத்தால் அவன் கல்யாணம் தடையில்லாமல் நடக்கும். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. அவள் அங்குட்டுத் திரும்பவே இல்லை.

பெண்கள் அந்தக் கூட்டத்தில் ஓரமாக நிற்பதுதான் வழக்கம், பேசுவதில்லை. நான் முன்னால் போனேன். “தோத்தது நானு. கேக்கிறதுன்னா நான்தானே கேக்கணும்? எனக்குப் போட்டேன்னு அவ வாயால சொல்லிட்டா. எனக்குப் போதும். ஊருக்கு என்ன இங்குட்டு வேலை? வரியை வாங்குங்க” என்றேன். முருகேசன் பல்லைக் கடித்தான். “ஆத்தா, சும்மா இரு.” நான் சும்மா இருக்கவில்லை.

அம்பலம் தாடையைச் சொறிந்தார். “சரி, அப்ப யாருதான் மாத்திப் போட்டது? மத்தவுக எல்லாம் சத்தியம் பண்ணியிருக்காகளே.”

அப்போதுதான் விபூதித் தட்டோடு நின்ற பூசாரி வாயைத் திறந்தார். “அந்தச் சத்தியத்தைத்தான் ஓட்டுக்கு முன்னாலயே இறக்கியாச்சே?”

எங்கள் பக்கத்தில் இதுவும் ஒரு வழக்கம். சத்தியம் செய்துவிட்டு மாற வேண்டி வந்தால், கருப்பருக்குச் சேவல் கொடுத்து அதை இறக்கி வைத்துவிடலாம். தெய்வக் குத்தம் வராது என்பார்கள்.

“யாருய்யா இறக்கினது?” என்று அம்பலம் கத்தினார். பூசாரி மிரண்டுபோய் மூன்றாவது வார்டு உறுப்பினரைக் கைகாட்டினார். “இவுகதான் சேவலோட வந்தாக. நீங்க எல்லாரும் பேசி அனுப்பிச்சீகன்னுல்ல நெனச்சேன்! எல்லாரு பேரையும் சொல்லித்தான் இறக்கி விட்டேன்.”

கூட்டம் சிரித்தது பாருங்கள், கோயில் வேப்பமரத்துக் காக்கை எல்லாம் பறந்தது. நான் கை சுட அணைத்த சத்தியமும், டீச்சர் சிலுவையைத் தொட்டுச் சொன்னதும், எல்லாம் ஒரே சேவலில் இறங்கியிருக்கிறது! டீச்சர், “என்னோடதையும் எப்படிய்யா இறக்குனீரு?” என்று பூசாரியோடு சண்டைக்குப் போனார். மூன்றாவது வார்டு, “நல்ல சேவல்தான் குடுத்தேன், ஒண்ணும் குறை வைக்கல” என்று மெல்லச் சொன்னார். அம்பலம் ராக்கம்மாள் கையிலிருந்த வரியைத் தானே எழுந்துபோய் வாங்கினார்.

இருவரும் சேர்ந்து நடந்து வந்தோம். பாதி வழியில் அவள், “பாவம்க்கா, அந்தச் சேவலு” என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “அவுக சத்தியத்தை இறக்க ஒரு சேவல் இருக்கு. நான் சும்மா சொல்றதை இறக்க ஒண்ணுமே கெடையாதுக்கா. அதான் பயந்து பயந்து சொல்றேன்” என்றாள். அவள் சொன்னதிலேயே எனக்கு மறக்காத சொல் அதுதான்.

அவள் மகன் கல்யாணம் நெற்குப்பையில் சிறப்பாக நடந்தது. ஊரே போனோம். துணைத்தலைவர் ஆகாததால் எனக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. எங்கள் இரண்டு வார்டுக்கும் தெருவிளக்கும் குடிதண்ணீர்க் குழாயும் வந்தன. நாங்கள் இருவரும் ஒன்றிய ஆபீசுக்கு நடந்த நடை அதற்குச் சாட்சி. கடைசியாக அவளை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அவள் மகன், “அம்மா, சாமிக்கு நேந்துக்கட்டுமா?” என்று கேட்டான். “உனக்குத் தோணுச்சுன்னா நேந்துக்க, உன் வாயி” என்றாள். காரியம் எல்லாம் முறைப்படிதான் நடந்தது. அதையும் அவளே சொல்லியிருந்தாள்: “செத்தப்பறம் நடக்குறது நீங்க செய்யிறது. நான் சொன்னதா ஆகாது.”

நான் மாறிவிடவில்லை. விளக்கு ஏற்றுவேன், திருக்கோஷ்டியூர்ப் பெருமாளுக்கு வேண்டிக்கொள்வேன். ஆகஸ்டு பதினைந்தில் எங்கள் ஊராட்சியில் உறுதிமொழியைச் சத்தமாகச் சொல்வது நான்தான். இனியும் சொல்வேன்.

போன வாரம் மூன்றாவது வார்டு என் வீட்டுக்கு வந்தார். அடுத்த தேர்தல் பேச்சு இப்போதே ஆரம்பித்துவிட்டது. “இந்தத் தடவை நான் உங்களுக்குத்தான்க்கா. கருப்பர் கோயிலுக்கு வாங்க, சூடத்துல அடிச்சுச் சொல்றேன்” என்றார்.

“கோயில் எதுக்கு? இங்கன உக்காந்து சும்மா சொல்லு. எனக்குப் போதும்” என்றேன்.

மனிதர் காபியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரொம்ப நேரம் தரையைப் பார்த்தார். “யோசிச்சுச் சொல்றேன்க்கா” என்று எழுந்து போனார்.

ராக்கம்மாளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். ஒருவரிடம் சூடம் கேட்காமல், சொல்லை மட்டும் கேட்பது. அவர் யோசித்து வரட்டும். நான் காத்திருக்கிறேன்.